கோதண்டராமன் அனுப்பிய கூடை

சந்திரம்மாவிடம் ஒரு நல்ல வார்த்தை வாங்கிக்கொண்டு திரும்பியவர் என்று அந்தப் பக்கத்தில் ஒருவரையும் காட்ட முடியாது. திருக்கழுக்குன்றத்திலிருந்து சதுரங்கப்பட்டினம் போகிற சாலையில், பஸ் நிற்காத இடத்தில் டிரைவரைக் கெஞ்சி இறங்கினால் வருகிற காலனி அது. அங்கேயே பிறந்து அங்கேயே வாக்கப்பட்டவள். நாற்று நட்டாள், களை எடுத்தாள், கல்பாக்கத்தில் குவார்ட்டர்ஸ் கட்டியபோது சித்தாளாகப் போய்ச் செங்கல் சுமந்தாள். எங்கே போனாலும் அங்கே இருக்கிற பெரிய மனுஷனை முதல் நாளே எடைபோட்டு, தூ, இவ்வளவுதானா என்று முடித்துவிடுவாள். மேஸ்திரிக்கு அவள் வைத்த பேர் ஊத்தவாய். பேங்க் மேனேஜருக்கு வைத்த பேர் ஜிப்பு போடாதவன். அவர் ஒருநாள் மறந்தது உண்மைதான். அதற்காக மாற்றலாகிப் போகிறவரைக்கும் அந்தப் பேரிலேயேவா ஒரு மனுஷனைக் கூப்பிடுவது?

அவள் புருஷன் சின்னையன் இதற்கு நேர் எதிர். யாரைப் பார்த்தாலும் தோளில் கிடக்கிற துண்டு தானாக இறங்கி அவன் இடுப்புக்கு வந்துவிடும். ஊர்த்தெருக் கோதண்டராமனிடம் மீசை முளைப்பதற்கு முன்னாலேயே பண்ணை வேலைக்குப் போனவன். இரண்டாயிரமாவது வருஷம் பிறந்து, காலனியில் பாதிப் பேர் கம்பெனி பஸ்ஸில் வேலைக்குப் போய்வந்துகொண்டிருந்த காலத்திலும் அவன் மட்டும் அவரை அந்தக் காலத்து எஜமானைப் போல 'ஆண்டே' என்றுதான் கூப்பிட்டான். சந்திரம்மா அந்தச் சொல்லைக் கேட்டால் சோற்றுத் தட்டை நகர்த்திவிடுவாள்.

அந்தக் கோதண்டராமனைப் பற்றிக் கொஞ்சம் சொல்லத்தான் வேண்டும், அதற்குமேல் சொல்ல அவரிடம் சரக்கு கிடையாது. அப்பா விட்டுப்போன நிலம், அப்பா விட்டுப்போன மோட்டார் கொட்டகை, அப்பா விட்டுப்போன கனைப்பு. காலனிக்கும் ஊருக்கும் நடுவில் கிடக்கிற நொச்சித் தாங்கல் என்கிற சின்ன ஏரியில் மீன் வளர்க்கிற குத்தகையும் அப்படி வந்ததுதான். வருஷா வருஷம் ஏலம் என்று ஒன்று நடக்கும். கேட்பதும் அவரே, ஏற்றுவதும் அவரே, எடுப்பதும் அவரே. மற்றவர்கள் வெற்றிலை போட்டுக்கொண்டு வேடிக்கை பார்த்துவிட்டுப் போவார்கள். காலனிக்காரர்களுக்கு வேடிக்கை பார்க்கவும் இடம் கிடையாது. சந்திரம்மாவின் அம்மா காலத்தில் அவர்கள் அந்தத் தாங்கலில் காலை நனைக்கக்கூடாது. நிறைந்து கலங்கல் வழியாக வழிகிற தண்ணீரை, கலங்கல் ஓரம் நின்று குடத்தைச் சாய்த்துப் பிடித்துக்கொள்ளவேண்டும். தாங்கல் வழியாத வருஷத்தில் குடமும் வழியாது.

அப்புறம் மகளிர் குழுக் காலம் வந்தது. பெண்கள் சேர்ந்தால் ஏரி குளத்தில் மீன் வளர்க்கக் கொடு என்று மேலே இருந்து சொன்னார்கள். பஞ்சாயத்துக்கு மனசே இல்லை. கொடுத்துத் தொலைத்தார்கள், ஆனால் ஒரு கொக்கி போட்டு: முதல் அறுவடை நல்லபடியாக வந்தால் தொடரலாம், வராவிட்டால் தாங்கல் மறுபடி ஏலத்துக்குப் போகும். ஏலத்துக்குப் போனால் யாருக்குப் போகும் என்பது தாங்கலில் கிடக்கிற தவளைக்குக்கூடத் தெரியும்.

குழுவுக்குத் தலைவி சந்திரம்மா. வேறு யாருக்கு அந்த வாய் இருக்கிறது? ஆடி கழிந்து குஞ்சு விட்டார்கள். கட்லா, ரோகு, மிர்கால், கெண்டை எல்லாம் கலந்து. தவிடும் கடலைப் பிண்ணாக்கும் பிசைந்து, ஓட்டை போட்ட சாக்கில் அடைத்து, தண்ணீருக்குள் நட்ட மூங்கிலில் கட்டித் தொங்கவிடுவார்கள். மீன் வந்து ஓட்டையில் வாய் வைத்து உறிஞ்சித் தின்னும். மூங்கில் ஆடுவதைப் பார்த்தே பசியைச் சொல்லிவிடலாம். சந்திரம்மா கரையில் உட்கார்ந்து மூங்கில் ஆடுவதை மணிக்கணக்கில் பார்ப்பாள். உலகத்தில் அவள் குறை சொல்லாத ஒரே ஜீவன் அந்த மீன்கள்தான்.

அவர்களுக்கு யோசனை சொல்ல மீன்துறையிலிருந்து சம்பத் என்று ஒருவர் டிவிஎஸ் ஃபிப்டியில் வருவார். ஒல்லி, மெதுவான பேச்சு, ஒரே விஷயத்தை நாலு தரம் சொல்கிற வழக்கம். அவருக்கு அவள் வைத்த பேர் சோப்ளாங்கி.

மார்கழியில் குழுவைப் பார்க்கப் பெரிய அதிகாரிகள் வருவதாகத் தகவல் வந்தது. போட்டோ எடுப்பவரும் வருகிறாராம். உடனே சந்திரம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. வலை போட்டு மீனை வாரிக் காட்டவேண்டும் என்று தீர்மானித்தாள். சம்பத் வேண்டாம் என்றார். இப்போது பனிக்காலம், மீன் சோர்ந்து கிடக்கும், வலையில் உரசினால் செதில் போகும், மேலே இருக்கிற வழவழப்புப் போகும், அந்த வழவழப்புதான் மீனுக்குக் கதவும் தாழ்ப்பாளும், கிருமி எந்தத் தண்ணீரிலும் எப்போதும் கிடக்கிறது, நல்ல மீனை அதனால் ஒன்றும் செய்ய முடியாது, கதவு திறந்த மீனைத்தான் பிடிக்கும் என்றெல்லாம் விளக்கினார். வழக்கப்படி நாலு தரம் விளக்கினார்.

"ஏன் சார், தண்ணியிலயே கெடக்கற மீனுக்குக் குளுரு காய்ச்சல் வேற வருமா? சொட்டர் வாங்கிப் போடணும்னா சொல்லு, பேங்குல லோன் கேக்கறேன்" என்றாள் சந்திரம்மா. குழுவே சிரித்தது. சம்பத் தன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

வலை போட்டார்கள். அதிகாரிகள் வந்தார்கள், கைதட்டினார்கள், டீ குடித்தார்கள். ஆளுக்கொரு மீனைத் தூக்கிப் பார்த்து, ஐயோ வழுக்குதே என்று கரையில் போட்டு, மறுபடி எடுத்துத் தண்ணீரில் எறிந்தார்கள். சந்திரம்மா இருப்பதிலேயே பெரிய கட்லாவைக் குழந்தை மாதிரி மாரோடு அணைத்துக்கொண்டு நின்றாள். பேப்பரில் படம் வந்தது. மீன் நன்றாக விழுந்திருந்தது, மீனின் வாலுக்கு மேலே சந்திரம்மாவின் ஒரு காதும் தோடும் தெரிந்தன. அதை வெட்டி வீட்டில் ஒட்டி வைத்தாள்.

இந்தச் சமயத்தில் கோதண்டராமன் சும்மா இருக்கவில்லை. தாங்கல் கையைவிட்டுப் போன கடுப்பில், மோட்டார் கொட்டகைப் பக்கம் நிலத்தைத் தோண்டிக் குட்டை குட்டையாக வெட்டி, போர் தண்ணீர் விட்டு, மீன் வளர்த்துக்கொண்டிருந்தார். ஆள் ஆசைப்பட்டது மலையளவு, குட்டை இருந்தது கையகலம். கும்பாபிஷேகக் கூட்டம் மாதிரி மீனை நெருக்கி விட்டிருந்தார். கோழிப்பண்ணை எருவை லாரியில் கொண்டுவந்து கொட்டினார். ஒரே வலையை ஒரு குட்டையிலிருந்து இன்னொரு குட்டைக்கு ஈரத்தோடு இழுத்துக்கொண்டு போவார்கள். மார்கழிப் பனியில் முதல் குட்டையில் மீன் கரையோரம் ஒதுங்கித் தலையைத் தூக்கிக்கொண்டு நின்றது. உடம்பில் சிவப்புத் திட்டு. வயிறு ஊதிப்போய், செதில் சிலிர்த்துக்கொண்டு நின்றது. செங்கல்பட்டிலிருந்து வந்த மீன் வியாபாரி ஒன்றை எடுத்துச் செவுளைத் தூக்கிப் பார்த்தான், திரும்பக் கீழே வைத்தான், காப்பிகூடக் குடிக்காமல் வண்டியைத் திருப்பினான்.

ஆகவே காணும் பொங்கலன்று கோதண்டராமன் கர்ணனாகிவிட்டார். பண்ணையாட்களுக்குப் பொங்கலுக்குப் படி அரிசியும் ஒரு துண்டும் கொடுக்கிற குடும்பம் அது. அந்த அரிசியிலேயே கல் இருக்கும். அப்பேர்ப்பட்டவர் அந்த வருஷம் காலனிக்கே கூடை கூடையாக மீன் அனுப்பினார். சந்தேகப்பட்டிருக்கவேண்டும். யார் பட்டார்கள்?

சின்னையன் தன் பங்குக் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு, ஒழுகிய தண்ணீர் நெற்றியில் வழிய, பல்லைக் காட்டிக்கொண்டே வாசலில் வந்து நின்றான். சந்திரம்மா மேலே கிடந்த வேப்பந்தழையை விலக்கினாள். பிதுங்கின கண்ணும் ஊதின வயிறும் தெரிந்தன. ஒன்றின் விலாவில் பொத்தல் மாதிரி ஒரு புண். அவளுக்கு உச்சந்தலை வரை ஏறிவிட்டது.

"இன்னாயா இது? அவன் வூட்டு நாய் மோந்துட்டுப் பூடும் இத. உன் தலையில வச்சி அனுப்பிகிறான், நீயும் இளிச்சிகினு வந்துகிற."

"நல்ல நாளும் அதுவுமா குட்த்தாரு. வாணான்னு சொல்ல முடியுமா?" என்றான் சின்னையன்.

இதைக் கவனிக்கவேண்டும். மீனுக்கு நோவு என்பதை அந்தக் காலனியிலேயே சரியாகப் பார்த்தவள் அவள் ஒருத்திதான். பார்த்த கண்ணுக்குப் பின்னால் மூளை என்று ஒன்று வேலை செய்திருந்தால் சம்பத் நாலு தரம் சொன்னது ஞாபகம் வந்திருக்கும். வரவில்லை. அவமானம் ஒன்றுதான் தெரிந்தது. செத்த மாட்டை அனுப்பினான், உளுத்த அரிசியை அனுப்பினான், இப்போது அழுகின மீனை அனுப்புகிறான் என்பதற்கு அப்பால் அவள் புத்தி ஓரடி நகரவில்லை.

மற்ற வீடுகளில் இந்த யோசனையெல்லாம் கிடையாது. அலசினார்கள், மஞ்சள் போட்டுத் தேய்த்தார்கள், புளியைக் கூடக் கொஞ்சம் கரைத்துக் கொதிக்க வைத்தார்கள். தெரு முழுக்கக் குழம்பு வாசனை. சந்திரம்மா வாசலில் நின்று ஒவ்வொரு வீட்டையும் பேர் சொல்லித் திட்டினாள். சூடு இல்லையா, சொரணை இல்லையா, நாக்கை அறுத்து அடுப்பில் போடுங்கள் என்றாள். பக்கத்து வீட்டு ஜெகதாம்பாள் குழுவில் அடுத்த தலைவியாக வரவேண்டியவள், இவள் வாய்க்குப் பயந்து ஒதுங்கியிருப்பவள். அவள் கரண்டியும் கையுமாக எட்டிப்பார்த்து, மீன் முதுகில் கோதண்டராமன் பேரா எழுதியிருக்கிறது என்று மட்டும் கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

சந்திரம்மா சமைக்கவில்லை. தூக்கி எறியவும் மனசு வரவில்லை. எறிந்தால் காக்காய் தின்னும், அதில் என்ன பெருமை? அரிவாள்மணையை எடுத்து வைத்து உட்கார்ந்தாள். கூடை மீன் மொத்தத்தையும் தலையும் குடலுமாகப் பொடிப்பொடியாக நறுக்கினாள், தவிட்டிலும் பிண்ணாக்கிலும் போட்டுப் பிசைந்தாள், சாக்குகளில் அடைத்தாள். புருஷனையே தூக்க வைத்துப் பொழுது சாயும் நேரத்தில் தாங்கலுக்குக் கொண்டுபோய் மூங்கிலில் கட்டினாள். மூங்கில்கள் ஆட ஆரம்பித்தன.

"அவன் போட்ட பிச்ச எம் மீனுக்குத் தீனி" என்றாள் சின்னையனிடம்.

அந்த வாக்கியம் அவளுக்கே ரொம்பப் பிடித்துப்போயிற்று. அறுவடையன்று ஊரைக் கூட்டி, கோதண்டராமன் முகத்துக்கு நேரே அதைச் சொல்லி, அந்த முகம் போகிற போக்கைப் பார்க்கவேண்டும் என்று ஆசைப்பட்டாள். அதுவரை யாரிடமும் மூச்சு விடாதே என்று புருஷனுக்கும் கட்டளை. அவன் பாட்டுக்குத் தலையாட்டினான், அவனுக்குத் தெரிந்த வேலை அது ஒன்றுதானே.

பொங்கல் கழிந்து கொஞ்ச நாளில் மூங்கில் ஆடுவது குறைந்தது. அப்புறம் நின்றே போயிற்று. ஒரு காலையில் போய்ப் பார்த்தால், கரையோரம் ரோகு ஒன்று ஒருக்களித்துச் சுற்றிச் சுற்றி வந்தது. சந்திரம்மா கையில் எடுத்தாள். வலை உரசி மார்கழியில் செதில் போயிருந்த இடம் ரத்தமாகச் சிவந்து குழிந்திருந்தது. மறுநாள் கட்லா மிதந்தது, அடுத்த நாள் எல்லாம் மிதந்தன. திருக்கழுக்குன்றம் மலைக்கோயிலுக்கு வராமல் நின்றுபோன கழுகுகளுக்குப் பதிலாகச் சுற்றுவட்டாரத்துப் பருந்தெல்லாம் தாங்கலுக்கு வந்து வட்டம் போட்டன. அவள் கரையோடு கரையாக ஓடி அவற்றை விரட்டினாள். குழந்தை மாதிரி அணைத்துப் படம் எடுத்துக்கொண்ட பெரிய கட்லா எது என்று அவளுக்கு அடையாளம் தெரியாது. செத்து மிதந்த ஒவ்வொரு பெரிய கட்லாவுக்கும் அவள் அழுதாள். சந்திரம்மா அழுவதைக் காலனி அப்போதுதான் பார்த்தது.

அழுது முடித்ததும் வாய் வந்துவிட்டது. கோதண்டராமன் தாங்கலில் மருந்து கலந்துவிட்டான் என்றாள். குழுவுக்கு அந்த ஒரு சொல் போதும். வேறு யார் செய்வார்கள்? தாங்கலைப் பறிகொடுத்தவன் அவன், வயலுக்கு அடிக்கிற விஷம் வீட்டில் டப்பா டப்பாவாக வைத்திருப்பவன் அவன். பெண்கள் ஊர்த்தெருவுக்கே போய் அவர் வீட்டு வாசலில் நின்று மண்ணை வாரித் தூற்றினார்கள். போலீஸ் ஸ்டேஷனுக்குப் போவதென்று முடிவாயிற்று. ஷேர் ஆட்டோ பேசிக் கரைமேல் கொண்டுவந்து நிறுத்தினார்கள்.

கோதண்டராமன் பதறிக்கொண்டு ஸ்கூட்டரில் வந்தார். காலனிப் பெண்கள் கொடுக்கிற புகார், அதுவும் விஷம், அதுவும் பொதுத் தண்ணீர். எந்தச் சட்டத்தில் போட்டால் எத்தனை நாள் உள்ளே என்று யாரோ அவருக்குச் சொல்லியிருக்கவேண்டும். முகத்தில் ஈயாடவில்லை. நான் ஒன்றும் கலக்கவில்லை என்று அவர் காலனிக்காரிகளுக்குச் சத்தியம் செய்து சொன்னதைப் பார்க்க அவர் அப்பா இல்லாமல் போனதுதான் குறை.

சம்பத் முன்பே வந்து தண்ணீர் ஓரம் குந்தியிருந்தார். உயிர் போகிற நிலையில் இருந்த ஒரு மீனை எடுத்து வயிற்றைக் கீறினார். சிவந்த தண்ணீர் கொட்டியது. குடலைத் தனியாக இழுத்து வைத்துப் பார்த்தார். அது நெருப்புப் பட்டது போலச் சிவந்திருந்தது. விஷம் என்றால் ஒரே பொழுதில் சின்னது பெரியது எல்லாம் மேலே வந்திருக்கும், தவளையும் செத்திருக்கும் என்றார். இது நோவு என்றார். வலை உரசின புண் வழியாகக் கொஞ்சம் போயிருக்கும், ஆனால் இத்தனை வேகமாக இத்தனை மீனுக்குப் பரவவேண்டுமென்றால் வாய் வழியாகவும் போயிருக்கிறது என்றார். ஒரு நோவு மீன் தண்ணீரில் கக்குகிற கிருமி ஊருக்கே போதும், அது செத்தால் அதைக் கொத்துகிற மீனுக்கும் வரும். இன்றைக்கே செத்ததையெல்லாம் பொறுக்கிப் புதைத்து, சுண்ணாம்பு தெளித்து, தீனியை நிறுத்தினால் பாதி மீனையாவது காப்பாற்றலாம்.

ஜெகதாம்பாள் ஒத்துக்கொள்ளவில்லை. இந்த ஆள் கோதண்டராமனிடம் காசு வாங்கிவிட்டார் என்று சொல்லி ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தாள். மற்றவர்களும் ஆமாம் போட்டார்கள். ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார்.

சம்பத் எழுந்து வந்து சந்திரம்மாவின் முன்னால் நின்றார்.

"நீங்க புகார் குடுத்தீங்கன்னா, போலீஸ் வந்து முடிவு சொல்ற வரைக்கும் இந்தத் தண்ணியில யாரும் கைவைக்க முடியாது. அதுக்குள்ள ஒரு மீனும் மிஞ்சாது. ஒண்ணே ஒண்ணு சொல்லுங்கம்மா. வெளியிலேர்ந்து நோவு மீன் எதுனா இதுக்குள்ள விழுந்துச்சா?"

சந்திரம்மா அவரைப் பார்க்கவில்லை. ஸ்கூட்டரைப் பிடித்துக்கொண்டு நின்ற கோதண்டராமனைப் பார்த்தாள்.  ஜென்மத்துக்கும் பார்க்க ஆசைப்பட்ட காட்சி. ஆட்டோவில் ஏறினால் போதும், இவனை ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார வைத்துவிடலாம். மீன் போனால் போகட்டும், விஷம் வைத்துக் கொன்றான் என்று ஊர் உலகம் காறித் துப்பும். ஆனால் தாங்கல்? அறுவடை இல்லாவிட்டால் ஏலம். இவன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாலும் இவன் தம்பி எடுப்பான், மச்சான் எடுப்பான். மறுபடி கலங்கல் ஓரம் குடத்தைச் சாய்த்துக்கொண்டு நிற்கவேண்டியதுதான். சின்னையன் தூரத்தில் தலை குனிந்து நின்றான். அவன் சொல்லமாட்டான் என்று அவளுக்குத் தெரியும். சொல்லியிருந்தால்கூட அவள் வாய்க்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"ஆட்டோவ அனுப்புங்கடி" என்றாள். "அந்தாளு ஒண்ணும் கலக்கல. பொங்கலுக்கு வந்த கூடையில இருந்துச்சே, அந்த மீனத் துண்டு போட்டு நாந்தான் சாக்குல வச்சிக் கட்னேன். அவன் போட்ட பிச்ச எம் மீனுக்குத் தீனின்னு."

அறுவடைக்காகப் பத்திரமாக வைத்திருந்த வாக்கியம் இப்படிச் செலவாயிற்று. யாரும் சிரிக்கவில்லை.

ஜெகதாம்பாள் நிதானமாக ஆட்டோவிலிருந்து இறங்கி வந்தாள். அவளுக்குக் கத்தக்கூட வேண்டியிருக்கவில்லை.

"எங்களுக்கு மானமில்ல, துன்னோம். கொதிக்க வச்சித் துன்னோம், அதோட போச்சு. நீதான் ரோசக்காரியாச்சே, துன்ன மாட்டியே. உன் ரோசத்துக்கு இதுங்க செத்துகினு கீது பாரு."

சந்திரம்மா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு தண்ணீர் பக்கம் நடந்தாள். 

கோதண்டராமனுக்கு உயிர் வந்துவிட்டது. கனைத்தார். நல்ல நாளில் நான் மனசாரக் கொடுத்ததை மீனுக்குப் போட்டிருக்கிறாள், எவ்வளவு திமிர் பார்த்தீர்களா, இவர்கள் கையில் தண்ணீரைக் கொடுத்தால் இப்படித்தான் என்று ஆரம்பித்தார். சம்பத் குறுக்கே வந்து, அப்படியானால் உங்கள் குட்டையில் நோவு இருக்கிறது சார், எத்தனை குட்டையில், வாருங்கள் இப்போதே பார்த்து மருந்து சொல்கிறேன் என்றார். அப்பாவியாகத்தான் கேட்டார். கோதண்டராமன் மாட்டிக்கொண்டார். இருக்கிறது என்றால் தெரிந்தே நோவு மீனைக் காலனிக்குத் தின்னக் கொடுத்தவர். இல்லை என்றால் மருந்து கிடையாது. பெண்கள் எல்லோரும் அவரையே பார்த்தார்கள். என் மீனுக்கு ஒரு கேடும் இல்லை என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரை உதைத்தார், அது நாலாவது உதையில்தான் கிளம்பியது. கௌரவம் என்றால் அதுதான் கௌரவம். மாசி முடிவதற்குள் அதே வலை, அதே ஈரம், குட்டை மாற்றிக் குட்டை எல்லாம் காலி.

இந்தப் பக்கம் சந்திரம்மா முழங்கால் தண்ணீரில் இறங்கிச் செத்த மீனைப் பொறுக்கினாள். முதல் நாள் அவளோடு ஒருத்தியும் வரவில்லை. சின்னையன் மட்டும் தாங்கலுக்கு எட்டாத மேட்டில் குழி வெட்டினான். அவள் அடுக்கி, சுண்ணாம்பு போட்டு, மண் தள்ளினாள். கை வெந்துபோயிற்று. பிறகு ஒவ்வொருத்தியாக வந்தார்கள், பேசாமல் வேலை செய்தார்கள். குழு கூடித் தலைவி பதவியை ஜெகதாம்பாளுக்குக் கொடுத்தது. சந்திரம்மா வாயைத் திறக்காமல் கை தூக்கினாள். சம்பத்தைச் சோப்ளாங்கி என்று கூப்பிடுவதையும் நிறுத்தினாள். அதற்குப் பதிலாகச் சார் என்று கூப்பிட்டாள் என்று நினைக்கவேண்டாம், ஒன்றும் கூப்பிடாமல் இருந்தாள்.

பாதி மீன் போனது, பாதி நின்றது. சித்திரையில் அறுவடை வந்தது, பேப்பரில் படம் போடுகிற அறுவடை இல்லை. ஆனால் அறுவடை இல்லை என்று பஞ்சாயத்தால் சொல்ல முடியவில்லை. குத்தகை நின்றது.

அதற்கப்புறம் சந்திரம்மா தனக்கென்று ஒரு வேலையை எடுத்துக்கொண்டாள். கலங்கல் ஓரம், கரைக்கு ஏறுகிற இடத்தில் பெரிய சிமெண்ட் தொட்டி ஒன்றை வைத்து, சம்பத் கொடுத்த ஊதா மருந்தைக் கலந்த தண்ணீர் நிரப்பினாள். யாராக இருந்தாலும் அதில் கால் கைகளை நனைக்காமல் தாங்கலில் இறங்கக்கூடாது. வெளி வலை வரக்கூடாது, வெளிக் கூடை வரக்கூடாது. ஜெகதாம்பாளும் நனைக்கவேண்டும், பஞ்சாயத்துத் தலைவரும் நனைக்கவேண்டும். காலனியில் எல்லோருக்கும் கணுக்கால் வரை கறை. அதை வைத்தே அவளைக் கேலி செய்தார்கள், அவள் கண்டுகொள்ளவில்லை.

அடுத்த ஆடியில் குழு தாங்கல் மூலையில் வலை கட்டிக் குஞ்சு வளர்த்தது. சுற்று வட்டாரத்தில் நோவில்லாத குஞ்சு அங்கேதான் என்று சம்பத் எல்லோரிடமும் சொல்லிவிட்டார், நாலு நாலு தரம். மழை பிடித்த பிறகு ஒருநாள் காலையில் கோதண்டராமன் குஞ்சு வாங்க வந்தார். குட்டைகளைக் காயப்போட்டு மறுபடி தண்ணீர் விட்டிருந்தார். பின்னால் சின்னையன் அவருடைய வலையைத் தோளில் போட்டுக்கொண்டு, அண்டாவைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

சந்திரம்மா தொட்டி பக்கத்தில் நின்றிருந்தாள். வாயில் எத்தனையோ வந்தது. ஊத்தவாய் மேஸ்திரியிலிருந்து இன்றுவரை சேர்த்துவைத்த அத்தனையும் வந்தது. அதையெல்லாம் விழுங்கினாள்.

"வலையும் அண்டாவும் அங்கயே இருக்கட்டும். எங்களுதுல புட்ச்சித் தர்றோம். செருப்பக் கழட்டிட்டுக் கால இதுல நனச்சிட்டு எறங்குங்க."

"என் காலையா?" என்றார் கோதண்டராமன்.

"அல்லார் காலையுந்தான்" என்று சொல்லிவிட்டு, சந்திரம்மா புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தொட்டிக்குள் இறங்கி நின்று, அந்தப் பக்கம் ஏறினாள்.

அவர் திரும்பிச் சின்னையனைப் பார்த்தார். சின்னையன் வலையைக் கீழே போட்டுவிட்டு ஏற்கெனவே தொட்டிக்குள் நின்றுகொண்டிருந்தான். அவன் துண்டு தோளிலேயே கிடந்தது.

"வாங்க, ஒண்ணும் சுடாது" என்றான். ஆண்டே என்று சேர்த்துக்கொள்ள மறந்துவிட்டான்.

தாங்கல் அன்றைக்கு நிறைந்திருந்தது. கரைமேல் பெண்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். கோதண்டராமன் அவர்களை ஒரு தரம் பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றினார், வேட்டியை மடித்துக் கட்டினார், ஒரு காலைத் தூக்கித் தொட்டிக்குள் வைத்தார்.